நாரி (கீழ்முதுகு) பிடித்த பிறகு ஜிம்: விட்டுப்போகாமல் எப்படிக் கொண்டுபோவது?

கடலோரம்06 கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே கனகாலமாகப் பயிற்சி செய்கிறவர்கள் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்து வாசியுங்கள்.

எனக்கு 41 வயது, நிறை 68 கிலோ. வீடு வெள்ளவத்தையில், வேலை கோட்டையில். காலை எட்டரை தொடக்கம் மாலை ஐந்து மணிவரை கதிரையும் கம்ப்யூட்டரும்தான். அம்மாவுக்கு ஐம்பது வயதிலேயே சீனி வருத்தம் வந்துவிட்டது. முழங்காலும் தேய்ந்து, இப்போது எங்கள் பிளாட்டின் மாடிப்படியை ஒவ்வொரு படியாக, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறா. அதைத் தினமும் பார்த்துத்தான் 2 வருடத்துக்கு முன் ஜிம்மில் சேர்ந்தேன். மெலிவதைவிட, எழுபது வயதில் என் மரக்கறிப் பையை நானே தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இந்த 2 வருடத்தில் மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் விட்டுவிட்டேன். முதல் முறை மகளின் புலமைப்பரிசில் பரீட்சை. இரண்டாவது முறை மார்ச் மாதக் கணக்கு முடிப்பு, இரவு எட்டு மணிக்குத்தான் ஒபீஸில் இருந்து வெளிக்கிடுவேன். மூன்றாவது முறை நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போய் மூன்று கிழமைக்கு மேல் நின்றோம். போவதற்கு முன் டெட்லிஃப்டில், அதாவது தட்டு மாட்டிய இரும்புக் கம்பியை (பார்) நிலத்தில் இருந்து குனிந்து தூக்குவதில், 60 கிலோ எடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்த முதல் நாளே இன்ஸ்ட்ரக்டர், "அக்கா, நீங்கள் முன்னம் செய்த பாரம்தானே" என்று அதே 60ஐப் போட்டார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது.

இரண்டாவது செட் (ஆறாமல் அடுத்தடுத்துத் தூக்குகிற ஒரு சுற்று), நான்காவது முறை. பார் நிலத்தை விட்டு எழும்பும்போது நாரியில் இடப்பக்கம் ஏதோ சுண்டி இழுத்தது. மெல்ல வைத்துவிட்டேன். நிமிர்ந்து நிற்க முடிந்தது, குனிய முடியவில்லை. வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தபிறகு மகள்தான் நிலத்தில் உட்கார்ந்து என் சப்பாத்து நாடாவை அவிழ்த்துவிட்டாள்.

வைத்தியரிடம் காட்டினேன். காலைத் தூக்கிப் பார்த்தார், பாதத்தால் தள்ளச் சொன்னார், விறைப்பு இருக்கிறதா என்று கேட்டார். நரம்பு சம்பந்தப்படவில்லை, தசைப்பிடிப்புத்தான், கட்டிலில் படுத்திருக்காமல் நடவுங்கள் என்றார். இப்போது 5 கிழமை. காலையில் எழும்பும்போது கொஞ்சம் இறுக்கம், மற்றப்படி நோ இல்லை. மெதுவாகத் தொடங்கலாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

ஆனால் பயம் போகவில்லை. பாரைத் தூரத்தில் கண்டாலே உள்ளங்கை வேர்க்கிறது. கிழமைக்கு எத்தனை நாள், ஒரு நாளில் என்னென்ன, எவ்வளவு பாரம், எப்போது கூட்டுவது? எல்லாவற்றையும்விட, நடுவில் விட்டுப்போகாமல் எப்படிக் கொண்டுபோவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஹம்டன்ஒழுங்கை எழுதியது:

அக்கா, எனக்கு 29 வயதுதான், பாரத்தைப் பற்றி அனுபவமுள்ளவர்கள் சொல்லட்டும். விட்டுப்போகாமல் இருப்பதற்கு எனக்கு உதவிய ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

நானும் கோட்டையில் இருந்து கரையோர ரயிலில்தான் வருகிறேன். முன்பு வீட்டுக்குப் போய், முகம் கழுவி, தேத்தண்ணி குடித்து, பிறகு ஜிம் என்று வைத்திருந்தேன். வீட்டுக்குள் கால் வைத்தால் அதோடு சரி, ஒரு நாளும் திரும்ப வெளிக்கிட்டதில்லை. இப்போது உடுப்பும் சப்பாத்தும் காலையிலேயே ஒபீஸ் பையில். வெள்ளவத்தை ஸ்டேஷனில் இறங்கி நேரே ஜிம். தேத்தண்ணி பிறகு. இதற்காகவே நல்ல மெஷின்கள் இருந்த பழைய இடத்தை விட்டு, ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சின்ன ஜிம்முக்கு மாறினேன்.

ஆறரைக்குப் பிறகு சரியான சனம், ஸ்குவாட் (பாரத்தோடு குந்தி எழும்புவது) ஸ்டாண்டுக்கு வரிசை. பாரம் தூக்குகிற இடத்தில் பின்னால் ஆள் நின்று பார்த்தால் எனக்கு அவசரம் வந்துவிடும், அவசரத்தில்தான் பிழை விடுவேன். சனிக்கிழமை காலை வெறுமையாக இருக்கும், புதிதாக ஒன்றைப் பழக அந்த நேரம் நல்லது.

ஒரு வருடக் காசை ஒன்றாகக் கட்டச் சொல்லிக் கேட்பார்கள். மாதம் மாதம் கட்டுங்கள் அக்கா. இடம் சரிவராவிட்டால் மாறலாம்.

---

கொட்டாஞ்சேனை13 எழுதியது:

தங்கச்சி, உங்கள் கதையை இரண்டு முறை வாசித்தேன். எனக்கு 57 வயது. செட்டியார் தெருவில் நகைக்கடையில் வேலை. 48 வயதில் சீனி வருத்தம் என்று தெரிந்த மாதமே ஜிம்மில் சேர்ந்தேன், 9 வருடமாகப் போகிறேன். இந்த 9 வருடத்தில் எனக்கு இரண்டு முறைதான் பிடிப்பு வந்தது. ஒன்று வலத் தோள்மூட்டில், மற்றது உங்களைப்போலவே நாரியில். இரண்டும் எப்போது வந்தன தெரியுமா? ஒரு இடைவெளிக்குப் பிறகு திரும்பி வந்த முதல் கிழமையில். முதலாவது டெங்குக் காய்ச்சலில் கிடந்து எழும்பியபிறகு, இரண்டாவது மூத்தவளின் கலியாண வேலைக்குப் பிறகு.

அதனால் உங்களுக்கு முதலில் சொல்வது இதுதான். டெட்லிஃப்டில் பிழை இல்லை, 60 கிலோவிலும் பிழை இல்லை. நல்லூருக்கு முன் அந்த 60 உங்களுக்குச் சரியான பாரம். மூன்று கிழமைக்குப் பிறகு வந்த முதல் நாளில் அது வேறு பாரம். கையும் காலும் பழைய பலத்தில் பெரும்பகுதியை வைத்திருக்கும், அதனால் மனம் ஏமாந்துவிடும். ஆனால் குனிந்து எடுக்கிற அந்த ஒழுங்கு, நாரியைச் சுற்றியிருக்கிற தசை பாரத்தைத் தாங்கிப் பழகிய பழக்கம், இவை இடைவெளியில் தளர்ந்துவிடும். பத்திரமாகச் செய்வது எப்படி, விடாமல் செய்வது எப்படி என்று நீங்கள் இரண்டு கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அவை ஒரே கேள்வி. விட்டு விட்டுப் போகிறவருக்குத்தான் கூடுதலாக நோகும், நொந்தவர்தான் திரும்ப விடுவார்.

ஆகவே அட்டவணையை உங்களுடைய மிக மோசமான கிழமைக்கு ஏற்றபடி போடுங்கள். மார்ச் மாதக் கணக்கு முடிப்பில், இரவு எட்டு மணிக்கு வெளிக்கிடுகிற கிழமையிலும் எத்தனை நாள் வர முடியும்? ஒரு புதனும் ஒரு சனியும் என்றால், அந்த இரண்டு நாள்தான் உங்கள் அட்டவணை. மூன்றாவது நாள் கிடைத்தால் லாபம், கிடைக்காவிட்டால் நட்டம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலிலும் பெரியவர்களுக்குத் தசைப் பயிற்சி கிழமைக்கு 2 நாளாவது என்றுதான் இருக்கிறது. அதோடு மூச்சு கொஞ்சம் வாங்குகிற அளவு நடை 150 நிமிடம். நீங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறீர்கள், மரைன் டிரைவ் வாசலில் கிடக்கிறது. வெயில் தாழ, பம்பலப்பிட்டி ஸ்டேஷன்வரை கடலோரமாக நடந்து திரும்பினால் ஏறக்குறைய 50 நிமிடம். அப்படி மூன்று நாள் நடந்தால் கணக்குச் சரி. மோசமான கிழமையில் ஜிம்மில் 20 நிமிடம் நின்றாலும் போய்வந்ததாகவே எழுதுங்கள். ஒரே ஒரு செட் செய்த நாள்கூட என் கொப்பியில் ஒரு நாள்தான்.

கொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் ஃபோனில் எழுதுவதில்லை. ஃபோனை எடுத்தால் வாட்ஸ்அப் வந்துவிடும். 80 பக்கப் பாடசாலைக் கொப்பி, ஒரு பென்சில், இரண்டும் துவாய்க்குள் சுருட்டியபடி. போன சனிக்கிழமைப் பக்கத்தை அப்படியே எழுதுகிறேன்: "சனி, 6.40. நித்திரை 6 மணித்தியாலம். சீனி 128. ஸ்குவாட் 50: 10, 10, 9. மிச்சம் 2. இடது முழங்கால் முதல் செட்டில் கடித்தது, பிறகு இல்லை. ரோ 40: 12, 12, 11. மிச்சம் 2. வெளிக்கிட்டது 7.30." இவ்வளவுதான். ரோ என்றால் பாரத்தை உடம்பை நோக்கி இழுப்பது. 50, 40 என்பது கிலோ, அதற்குப் பிறகு வருவது ஒவ்வொரு செட்டிலும் எத்தனை முறை என்பது. இந்தக் கொப்பி உங்களிடம் இருந்திருந்தால் கடைசியாக 60 எடுத்த தேதி கண்ணில் பட்டிருக்கும், அந்தத் தம்பியும் பார்த்திருப்பார்.

"மிச்சம் 2" என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். ஒழுங்கு குலையாமல் இன்னும் எத்தனை முறை தூக்கியிருக்கலாம் என்ற என் மதிப்பு அது. எந்தச் செட்டையும் இரண்டு மூன்று மிச்சம் வைத்தே நிறுத்துவேன். முகம் கோணி, முதுகு வளைந்து, பக்கத்தில் நிற்கிறவர் "இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று" என்று கத்துகிற அளவுக்குப் போவதில்லை. தசை வளர அந்தக் கடைசி ஒன்று கட்டாயம் இல்லை. முதல் மாதம் நீங்கள் 3 அல்லது 4 மிச்சம் வைத்தே நிறுத்துங்கள்.

பாரம் கூட்டுவதற்கும் கொப்பிதான். ஒரு பாரத்தில் எல்லாச் செட்டிலும் 12 முறை, இரண்டு மிச்சத்தோடு, அடுத்தடுத்து இரண்டு நாள் முடிந்தால் அடுத்த நாள் ஒரு சின்னப் படி கூட்டுவேன். கூட்டியதும் 8 முறைக்கு இறங்கி, அங்கிருந்து திரும்ப 12 நோக்கி. நான் வேலை செய்கிற கடையில் தங்கத்தை மில்லிகிராமில் நிறுப்போம். அந்தப் பழக்கமோ என்னவோ, ஜிம்மில் பையன்கள் ஒரேயடியாகப் பத்துக் கிலோத் தட்டை மாட்டுவதைக் கண்டால் என் மனம் பதைக்கிறது. இரண்டரைக் கிலோ காணும். மாதம் இரண்டரைக் கிலோ என்றாலும் வருடத்துக்கு 30 கிலோ. அது எவருக்கும் பெரிய கணக்கு.

இடைவெளி வந்தால் என்ன செய்வது? கட்டாயம் வரும், கோயிலும் கலியாணமும் காய்ச்சலும் இல்லாத வருடம் இல்லை. நான் வைத்திருக்கிற கணக்கு: ஒரு கிழமை தவறினால் பழைய பாரம், ஒரு செட் குறைவு. இரண்டு கிழமை தவறினால் பாரத்தில் பத்தில் ஒன்று குறைவு. மூன்று கிழமையோ அதற்கு மேலோ என்றால் பாதிப் பாரம், இரண்டே செட். முதல் நாள் சும்மா கை வீசியதுபோல் லேசாக இருக்கும். இருக்கட்டும். இரண்டு மூன்று கிழமையில் பழைய இடத்துக்கு வந்துவிடுவீர்கள். காய்ச்சலில் படுத்து எழும்பியவர் இன்னும் மெதுவாக, வைத்தியரைக் கேட்டுத்தான்.

ஒரு நாளில் என்னென்ன என்று கேட்டீர்கள். ஐந்து நிமிடம் நடை மெஷின் அல்லது சைக்கிள், பிறகு அன்று செய்யப்போகிற அசைவையே பாரம் இல்லாமல் ஒரு செட், பாதிப் பாரத்தில் ஒரு செட். அதன்பிறகு நான்கே நான்கு: காலால் எழும்புவது ஒன்று, கையால் தள்ளுவது ஒன்று, இழுப்பது ஒன்று, வயிறும் நாரியும் இறுக்கிப் பிடிப்பது ஒன்று. புதனுக்கு ஒரு டம்பெலை நெஞ்சோடு அணைத்தபடி ஸ்குவாட், செஸ்ட் பிரஸ் மெஷின், இருந்து இழுக்கிற ரோ, முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பை நேராகப் பிடிக்கிற பிளாங்க். சனிக்கு படியில் ஏறி இறங்குவது, டம்பெலைத் தலைக்கு மேலே தள்ளுவது, மேலிருந்து இழுக்கிற புல்டவுன், பக்கவாட்டுப் பிளாங்க். எல்லாம் இரண்டு செட். செட்டுக்கு நடுவே ஒன்றரை இரண்டு நிமிடம் ஆறுங்கள். 45 நிமிடத்தில் வீட்டுக்குப் போகலாம். ஒரே தசைக்கு நடுவில் ஒரு நாளாவது ஓய்வு கிடைக்க வேண்டும், புதனும் சனியும் அதற்கும் பொருந்தும். மூன்றாவது நாள் கிடைத்தால் திங்கள். குனிந்து எடுக்கிற அசைவை நான் சேர்க்கவில்லை, அதை ஃபிசியோ யாராவது சொல்வதுதான் சரி.

முதல் இரண்டு கிழமை அடுத்த நாள் நோகும். செய்து ஒன்று முதல் மூன்று நாளுக்குள் வருகிற அந்த உளைவு சாதாரணம், லேசாக நடந்தால் குறையும். மூட்டில் குத்துகிற நோ, செய்துகொண்டிருக்கும்போதே வருகிற கூர்மையான நோ சாதாரணம் இல்லை. நெஞ்சு இறுக்கம், தலைச்சுற்று, வழமைக்கு மாறான மூச்சு முட்டல் என்றால் அந்த நிமிடமே நிறுத்த வேண்டும். அது குறையாவிட்டால் 1990க்கு அடிக்க வேண்டும், சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு இல்லை. அளவுக்கு மிஞ்சிச் செய்தபிறகு தசை வீங்கி, சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனால் அதுவும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகிற விஷயம், தசை உடைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிற நிலை அது. மூச்சை அடக்கித் தூக்காதீர்கள், தூக்கும்போது வெளியே விடுங்கள். பிரஷர் இருக்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

அம்மாவுக்குச் சீனி என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுடையதைப் பார்த்தீர்களா? சுகாதார அமைச்சின் ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டரில் 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சீனியும் பிரஷரும் இலவசமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அதை முன்பே ஒருவர் சொல்லியிருந்தால் நான் 48 வரை காத்திருந்திருக்க மாட்டேன். சீனி உள்ளவர்கள் அடுத்தடுத்து இரண்டு நாளுக்கு மேல் உடம்பை அசைக்காமல் இருக்கக் கூடாது என்பார்கள். தசை வேலை செய்தால் இரத்தத்தில் இருக்கிற சீனியை இழுத்துக்கொள்ளும், அந்தப் பலன் ஒன்றிரண்டு நாளில் தேய்ந்துவிடும். நான் ஒழுங்காகப் போவதற்கு முதல் காரணம் அதுதான். நான் எடுக்கிற குளிசைக்குச் சீனி இறங்கக்கூடும், அதனால் மீட்டரில் 100க்குக் கீழே காட்டினால் ஒரு வாழைப்பழமாவது சாப்பிட்டுவிட்டே தொடங்குவேன். பையில் எப்போதும் குளுக்கோஸ் இருக்கும்.

---

கடலோரம்06 எழுதியது:

அண்ணா, வாசிக்க வாசிக்க கண் கலங்கியது. இவ்வளவு நேரம் எடுத்து எழுதியதற்கு மிகவும் நன்றி. நாளைக்கே கொப்பி வாங்குகிறேன். தங்கச்சி ஹம்டன்ஒழுங்கைக்கும் நன்றி, சப்பாத்துப் பையை இன்றிரவே கட்டிவைக்கிறேன்.

இரண்டு சந்தேகம். குனிந்து எடுக்கிற அசைவை ஒரேயடியாக விட்டுவிடுவதா? வீட்டில் அரிசி மூட்டையையும் தண்ணீர் வாளியையும் குனிந்துதானே எடுக்கிறேன். மற்றது, ஜிம்மில் ஒரு புரோட்டீன் டின் எடுக்கச் சொல்கிறார்கள். லேபிளில் பாதி அழிந்திருக்கிறது. தேவையா?

---

பம்பலப்பிட்டி_ஃபிசியோ எழுதியது:

வணக்கம் அக்கா. நான் ஃபிசியோதெரபிஸ்ட். நேரில் பார்க்காமல் உங்கள் நாரியைப் பற்றி முடிவு சொல்ல மாட்டேன். வைத்தியர் பார்த்து, தொடங்கலாம் என்று சொல்லியிருப்பதால் பொதுவாகச் சொல்லலாம். முதலில் ஒரு எச்சரிக்கை. காலில் பலம் குறைவது, தொடைகளின் நடுவே விறைப்பு, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இல்லாமல் போவது, இவற்றில் எது வந்தாலும் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

குனிந்து எடுப்பதை விடாதீர்கள். நீங்களே காரணத்தைச் சொல்லிவிட்டீர்கள், அரிசி மூட்டை. அதை விட்டவர்களின் முதுகு இன்னும் பயந்த முதுகாகிவிடுவதை நான் தினமும் பார்க்கிறேன். பாரம் இல்லாமல் திரும்பப் பழகுங்கள், அதற்கு வீட்டில் இருக்கிற தும்புத்தடி போதும்.

தும்புக் கட்டையைக் கழற்றிவிட்டுத் தடியை முதுகோடு நிமிர்த்திப் பிடியுங்கள். ஒரு கை கழுத்துக்குப் பின்னால், மற்றக் கை நாரிக்குப் பின்னால். தடி மூன்று இடத்தில் தொட வேண்டும்: பின்தலை, தோள்பட்டைகளின் நடு, குண்டிக்கு மேலே இருக்கிற எலும்பு. இப்போது முழங்காலைக் கொஞ்சம் மட்டும் மடித்து, கதவைப் பின்பக்கத்தால் தள்ளிச் சாத்துவதுபோல் இடுப்பைப் பின்னுக்குக் கொண்டுபோங்கள். மூன்று இடத்தில் எது விலகினாலும் அங்கேயே நின்று திரும்புங்கள். தலை விலகினால் கழுத்து முன்னுக்குக் குனிகிறது, கீழே விலகினால் நாரி வளைகிறது. பெரும்பாலானவர்களுக்கு முழுதாகக் குனியும் முன்பே கீழ்ப்பக்கம் விலகும். தொடையின் பின்பக்கம் இழுபட வேண்டும், நாரி இழுபடக் கூடாது. காலையில் எழும்பியவுடன் வேண்டாம், அந்த நேரம் முதுகுத் தட்டுகள் நீர் ஊறி இறுக்கமாக இருக்கும். ஒரு மணித்தியாலம் நடமாடியபிறகு பத்து முறை.

இதோடு, நாலு காலில் நிற்பதுபோல் நின்று வலக் கையையும் இடக் காலையும் நீட்டி, பத்து எண்ணும்வரை பிடித்து, மாற்றிச் செய்யுங்கள். நாரியின்மேல் ஒரு கோப்பைத் தேத்தண்ணி வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், அது சிந்தக் கூடாது. பக்கத்துக்கு ஐந்து முறை.

இரண்டு கிழமை நோ இல்லாமல் போனால் கைக்கு 5 கிலோ டம்பெல், அதே அசைவு, முழங்காலுக்குச் சற்றுக் கீழேவரை மட்டும். பிறகு வெறும் பார், அது 20 கிலோ. நிலத்தில் இருந்து எடுக்க வேண்டாம். இடுப்பு உயரத்தில் ஸ்டாண்டில் இருந்து எடுத்து இறக்குங்கள். நோவைப் பத்துக்கு எவ்வளவு என்று நீங்களே கேளுங்கள். மூன்றுவரை, அடுத்த நாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்தால், அதே பாரத்தில் நிற்கலாம். அதற்கு மேலே என்றால் ஒரு படி கீழே. 13 அண்ணா சொன்ன கொப்பியில் இந்த எண்ணையும் எழுதுங்கள், என்னிடம் வருகிற எல்லோரிடமும் நான் கேட்பது அதைத்தான்.

உங்கள் உள்ளங்கை வேர்ப்பதை நான் லேசாக எடுக்கவில்லை. நொந்த இடத்தைக் காப்பாற்ற உடம்பு செய்கிற வேலை அது. பத்து முறை, இருபது முறை நோகாமல் குனிந்து எழும்பும்போது அது தானாக இறங்கும்.

லேபிள் அழிந்த டின்னை வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவருக்கும் தெரியாது.

---

ஹம்டன்ஒழுங்கை எழுதியது:

அக்கா, சாப்பாட்டுக்கு என் கணக்கைச் சொல்கிறேன். பாரம் தூக்குகிறவர்களுக்கு நிறையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம்வரை புரதம் என்று வைத்தால் உங்களுக்கு 80 முதல் 110 கிராம்வரை வரும். ஒரு முட்டையில் 6 கிராம். சமைத்த கோழி நெஞ்சு இறைச்சி 100 கிராமில் 30, மீனில் 20க்கு மேல். அவித்த கொண்டைக்கடலை ஒரு கோப்பையில் 14 அளவு. நீங்கள் வெள்ளிக்கிழமை மரக்கறி என்றால் சோயா மீற் இருக்கிறது, காய்ந்தபடி 30 கிராமில் 15 கிராம் வரும். எங்கள் வீட்டில் இடியப்பத்துக்குச் சொதியும் சம்பலும் மட்டும்தான், அதோடு ஒரு பருப்புக் கறியும் முட்டையும் சேர்த்தவுடனேயே பாதி சரியாகிவிட்டது. டின் தேவைப்படவில்லை.

தண்ணீர் மறக்காதீர்கள். நம்முடைய ஊர் ஈரப்பதத்தில் வேர்வை காயாமல் வழிந்தபடியே இருக்கும், உடம்பு குளிராது. ஏசி இல்லாத ஜிம் என்றால் தேசிக்காய்த் தண்ணீரில் ஒரு துளி உப்புப் போட்டுக் கொண்டுபோங்கள்.

---

கடலோரம்06 எழுதியது, ஏழு கிழமைக்குப் பிறகு:

எல்லோருக்கும் வணக்கம். திரும்ப வந்து எழுதுவேன் என்று மனதுக்குள் சொல்லியிருந்தேன்.

ஏழு கிழமையில் 14 கட்டாய நாள். பதின்மூன்று போனேன், தவறிய ஒன்று மகளுக்குக் காய்ச்சல். கிடைத்த திங்கட்கிழமைகள் நான்கு. ஒரு புதன் ரயில் ஒன்றரை மணித்தியாலம் பிந்தி, ஜிம்முக்கு வரும்போது எட்டே கால். ஸ்குவாட் ஒரு செட், ரோ ஒரு செட், 20 நிமிடத்தில் வெளியே. முன்பென்றால் அந்தக் கிழமையோடு விட்டிருப்பேன். அன்றைய பக்கத்தில் "போனேன்" என்று மட்டும் எழுதியிருக்கிறது.

தும்புத்தடியை முதல் நாள் பிடித்தபோது முழுதாகக் குனியும் முன்பே கீழ்ப்பக்கம் விலகியது, ஃபிசியோ தம்பி எழுதியபடியே. பன்னிரண்டாவது நாள் விலகவில்லை. அம்மா கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. அடுத்த நாள் காலை அவவே தடியை வாங்கிப் பிடித்து, கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி கொஞ்சம் குனிந்து பார்த்தா. இப்போது கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்பி இருப்பதை இருவரும் சேர்ந்து காலையில் எட்டு முறை செய்கிறோம். அம்மாவின் வைத்தியரையும் கேட்டுவிட்டேன்.

என் சீனியையும் பார்த்தேன் அண்ணா. வெறும் வயிற்றில் 104. எல்லைக்குக் கொஞ்சம் மேலே என்றார்கள், மூன்று மாதத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். பயந்தேன், ஆனால் இப்போதே தெரிந்தது நல்லது.

போன சனிக்கிழமை ஸ்டாண்டில் இருந்து வெறும் பாரை எடுத்தேன். 20 கிலோ, 12, 12. மிச்சம் 4. நோ பூச்சியம். உள்ளங்கை முதல் செட்டுக்கு முன் வேர்த்தது, இரண்டாவதுக்கு வேர்க்கவில்லை. அதையும் எழுதிவைத்திருக்கிறேன்.

இனிக் கூட்டலாம் என்றால், எங்கள் ஜிம்மில் இருக்கிற மிகச் சின்னத் தட்டு 2.5 கிலோ. இரண்டு பக்கமும் போட்டால் 5 கிலோ கூடிவிடும், அது எனக்குப் பெரிய படி. 1.25 கிலோத் தட்டு கொழும்பில் எங்கே சோடியாக வாங்கலாம்?

---

கொட்டாஞ்சேனை13 எழுதியது:

தங்கச்சி, வாங்க வேண்டாம். என்னிடம் ஒரு சோடி சும்மா கிடக்கிறது, தோள்மூட்டு சரியாகும்வரை நான் பாவித்தது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலுக்கு வருவேன். உள்பெட்டியில் நேரம் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.